தம்பி கேட்ட கார்

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் நவராத்திரி தொடங்கிற்று. அன்றே நாடெங்கும் சரக்கு சேவை வரியின் புதிய விகிதங்களும் நடைமுறைக்கு வந்தன. திருமலையில் பிரம்மோற்சவத்திற்கு இரண்டு நாட்களே இருந்தமையால், திருப்பதி நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. ரயில்வே எழுத்தராகிய நமக்கு அந்த வாரத்தில் வீடு என்பது உடை மாற்றிக்கொள்ளும் இடமாகவே இருந்தது. அப்படிப்பட்ட ஓர் இரவில் பதினொரு மணிக்கு வீடு திரும்பியபோது, எம் தம்பி உறங்காமல் வாயிற்படியில் காத்திருந்தான்.

"அண்ணா, காருக்கு வரி குறைந்துவிட்டது. விஜயதசமிக்குள் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வங்கிக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றான்.

அவனுக்கு வயது 24. ஸ்ரீ சிட்டியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் நிறுவனப் பேருந்து ஏறினால் இருட்டிய பிறகே இறங்குவான். பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது மாதம் 34,000 ரூபாய். அவன் கைப்பேசியில் காட்டிய கார் உருவில் சிறியது; ஓட்டத்தில் பந்தயக் காரின் சாயல் உடையது. சிவப்பு நிறம், கறுப்புக் கூரை. அதைக் காட்டும்போது அவன் முகத்தில் நாம் நெடுநாளாய்க் காணாத ஒளி இருந்தது.

நாம் அன்று விடுத்த மறுமொழி ஒரே சொல்: "முடியாது." அதனோடு நிறுத்தியிருந்தால் பெரிய குற்றமில்லை. ஆரணியில் தறியை விட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்த எம் தந்தையார், துணிக்கடையில் முப்பது ஆண்டுகள் நின்றே உழைத்ததையும், கடைசிவரை மிதிவண்டியிலேயே சென்றதையும் எடுத்துக் கூறி, அவன் ஆசையை ஊதாரித்தனம் என்றும் சொல்லிவிட்டோம். தம்பி குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாதா அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே சென்றான். மறுநாள் முதல் அவன் எம்மோடு அமர்ந்து உண்ணவில்லை.

அந்தக் கேள்வி எம்மைச் சுட்டது. காரணம், அது உண்மை. 23ஆம் வயதில் நாமும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏங்கினோம். தந்தையார் மறுத்தார்; அடங்கிப்போனோம். அந்த ஏக்கம் செத்துப்போயிற்று என்று நினைத்திருந்தோம். தம்பியை மறுத்த சொல்லில் கணக்கு எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபோது, கணக்கு ஒன்றுமே இல்லை என்று கண்டோம். காரின் விலையைக்கூட நாம் கேட்கவில்லையே!

விழாக் கூட்டம் ஓய்ந்த பின் வந்த ஞாயிறன்று சித்தூருக்குப் பயணமானோம். எம் தங்கை அங்கே தாய்மாமன் வீட்டில் தங்கிச் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். அவளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சந்திரகிரிக் கோட்டையைக் கடந்து, பாகாலாவில் நின்று, வண்டி சித்தூர் சேரும்வரை தம்பியின் முகமே கண்முன் நின்றது.

மாமா கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர், அறுபத்தைந்தைத் தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த எண்ணெயைக் கந்தைத் துணியில் துடைத்தபடி அவர் சொன்னார்: "மாப்பிள்ளை, நீ டிக்கெட் கொடுக்கிறவன். காசிக்கு எவ்வளவு என்று ஒருவன் சன்னலில் வந்து கேட்டால் 'நீ போகாதே' என்றா சொல்வாய்? கட்டணத்தைச் சொல்வாய். போவதும் போகாததும் அவன் பாடு. தம்பி கேட்டதற்கு நீ இன்னும் கட்டணத்தைச் சொல்லவில்லை."

பிறகு அவர் தம் இளமைக் கதை ஒன்றைச் சொன்னார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்றில், முன்னாளில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்திற்று. 1980களின் தொடக்கத்தில் மாமா சித்தூரிலிருந்து சரக்கு லாரியில் ஏறிச் சென்று அப்பந்தயங்களைப் பார்த்தாராம். "வேகத்தின்மேல் ஆசை வைப்பது பாவமன்று. எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஆசைக்கு நான் கொடுத்த விலை லாரிக்காரருக்கு ஒரு சாப்பாடு" என்று சிரித்தார்.

கோவை ஆலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த கரிவர்தன் என்பவரைப் பற்றியும் அவர் வாயிலாகவே அறிந்தோம். வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்குதல் நம் இளைஞருக்கு இயலாது என்று கண்ட அவர், 1980களின் இறுதியில், சாதாரண மாருதி 800 காரின் இயந்திரத்தையே பொருத்தி, எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். 1995இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் திடல் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வேகத்தைப் பணக்காரர் வீட்டிலிருந்து பட்டறைக்கு இறக்கிக் கொண்டுவந்தவர் என்று மாமா அவரைப் போற்றினார்.

வீடு திரும்பியதும் தம்பியிடம் சென்று, "நாம் பேசிய முறை தவறு. கணக்கை இருவரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்த பிறகும் நீ வேண்டும் என்றால் அதைப் பற்றி மறுபடி பேசுவோம்" என்றோம். அவன் ஐயத்தோடே வந்து அமர்ந்தான். ஆயினும் அமர்ந்தான்.

கணக்குக்கு முன் அவனே ஒரு செய்தி சொன்னான். இளைஞருக்கென்றே ஸ்போர்ட்ஸ் கார் செய்து விற்ற நாடுகள் உண்டு என்பது அது. உண்மைதான். 1964 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை 2,368 டாலர் தொடக்க விலையில் வெளியிட்டது. முதலாண்டிலேயே நான்கு இலட்சத்திற்கு மேல் விற்றது. 1989இல் ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் இரண்டிருக்கைச் சிறு காரொன்றை அவ்வாறே கொண்டுவந்தது. அது பத்து இலட்சத்திற்கும் மேல் உற்பத்தியாயிற்று. இன்றோ அமெரிக்காவிலும் புதிய மஸ்டாங்கின் விலை முப்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

நம் நாட்டில் அக்கதவு அவ்வளவாகத் திறந்ததே இல்லை. முழு வண்டியாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்குச் சுங்கவரி நெடுங்காலம் நூற்றுக்கு நூறும் அதற்கு மேலுமாக இருந்து வந்தது. 1990களின் இறுதியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்னும் இரண்டிருக்கைக் கார் செய்யப்பட்டது. அது பெருக விற்கவில்லை. ஆகவே நம் நிறுவனங்கள் வேறு வழி கண்டன. நான்கு மீட்டருக்குட்பட்ட சிறு காருக்குச் சற்று வலிய இயந்திரமும் பந்தயக் கோலமும் தந்து விற்றன. 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், 2024இல் வந்த டாட்டா ஆல்ட்ரோஸ் ரேஸர் ஆகியன இவ்வகையின. இதில் வரியின் கணக்கும் அடங்கியுள்ளது. நான்கு மீட்டருக்கு மேற்படாமலும், பெட்ரோல் இயந்திரம் 1,200 சி.சி.க்கு மேற்படாமலும் இருந்தால் 2025 செப்டம்பர் முதல் வரி நூற்றுக்கு 18, மீறினால் 40. மோட்டார் சைக்கிளுக்கும் 350 சி.சி. வரை 18, அதற்கு மேல் 40. தம்பி விரும்பிய கார் 18க்குள் அடங்குவது. முன்னர் அத்தகைய காருக்கு 28ம், அதன்மேல் ஒன்று கூடுதல் தீர்வையுமாக 29 இருந்தது.

இனிக் கணக்கு. கடையில் எழுதித் தந்த எக்ஸ்-ஷோரூம் விலை 10,50,000 ரூபாய். ஆயுள் வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் முதலியன 1,90,000. ஆக, வண்டி சாலைக்கு வரும்போது 12,40,000. புதிய காருக்கு மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸை மூன்றாண்டுக்கும் சேர்த்தே செலுத்த வேண்டும் என்பது 2018 முதலுள்ள விதி. இதனைத் தம்பி அறிந்திருக்கவில்லை. கடன் பத்து இலட்சம். எஞ்சிய 2,40,000இல் அவன் சேமிப்பு 90,000. மீதம் 1,50,000 எங்கிருந்து என்று கேட்டோம். அவன் தலை குனிந்தான். "அம்மா சங்கிலியைத் தருவதாகச் சொன்னார்" என்றான்.

அம்மா இதை எம்மிடம் சொல்லவே இல்லை. தந்தையார் துணிக்கடையில் நின்ற கால்களால் வாங்கிய சங்கிலி அது. கோபம் வந்தது, ஆயினும் மாமாவின் சொல்லை நினைத்துப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து இலட்சத்தை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஏழாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை 16,601 ரூபாய். மொத்தம் கட்டுவது 13,94,484. அதாவது வட்டி மட்டும் 3,94,484. வரி குறைந்ததனால் அக்காரில் மிஞ்சுவது எவ்வளவு என்றும் பார்த்தோம், ஏறக்குறைய 98,000. ஒரு கையால் ஒரு பங்கை எடுத்து மறு கையால் நான்கு பங்கைக் கொடுப்பதாயிற்று. ஐந்தாண்டில் அடைத்தால் வட்டி 2,74,823ஆகக் குறையும். ஆனால் தவணை 21,247 ஆகிவிடும். தவணை சிறியதாகத் தோன்றுவதற்காகவே காலத்தை நீட்டுகிறார்கள் என்பது அப்போது விளங்கிற்று.

பிறகு மாதக் கணக்கு. தவணை 16,601. நாற்பது லிட்டர் பெட்ரோல் 4,400. பழுதுபார்ப்பு, டயர், பிந்திய ஆண்டுகளின் இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டியது 2,500. சங்கிலியின் மேல் வட்டி 1,200. அம்மாவிடம் அவன் மாதந்தோறும் தரும் 8,000; தங்கையின் கட்டணம் இதிலிருந்தே போகிறது. கூட்டினால் 32,701. சம்பளத்தில் மிஞ்சுவது 1,299 ரூபாய். சங்கிலியின் அசலை மீட்க அதில் வழியில்லை. தம்பி அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒன்று. காரின் வயது ஏற ஏற இன்ஷூரன்ஸ் மதிப்பு எவ்வாறு இறங்கும் என்பதற்கு வகுத்த அட்டவணை உண்டு. மூன்றாண்டு கடந்த காருக்கு விலையில் நூற்றுக்கு 40 கழிக்கப்படும்; நான்காண்டு கடந்ததற்கு 50. அதன்படி மூன்றாண்டு முடிந்ததும் இக்காரின் மதிப்பு 6,30,000. அன்றைய கடன் பாக்கியோ ஏறத்தாழ 6,54,500. அக்காலத்தில் கார் முற்றாக அழிந்தாலோ களவு போனாலோ இன்ஷூரன்ஸ் தருவது கடனை அடைக்கவும் போதாது. வண்டி போன பின்னும் தவணை போகாது!

ஜாமீன் கையெழுத்தின் பொருளையும் அவனுக்குக் காட்டினோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிடில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவர் பொறுப்புக்குச் சமமானது. "நீ ஒரு மாதம் தவறினால் வங்கி நம் சம்பளத்தையும் நாடலாம். கையெழுத்து 'போட்டால் போதும்' என்பது அன்று, அங்கேதான் தொடக்கம்" என்றோம். அவன் தலையசைத்தான்.

"இந்தக் கார் எதற்கு?" என்று இறுதியாகக் கேட்டோம். இம்முறை அது குற்றச்சாட்டு அன்று, அறியும் விருப்பமே. வேலைக்கு நிறுவனப் பேருந்து உண்டு. அருகில் அழகிய மலைப்பாதை உண்டு. ஆனால் திருமலைப் பாதையில் வண்டி குறித்த நேரத்திற்கு முன்பே சென்றடைந்தால் தண்டம் விதிக்கிறார்கள். 1944இல் திறந்த பழைய பாதையானாலும் பின்னர் வந்த இரண்டாம் பாதையானாலும், அங்கே வேகம் குற்றமேயாகும். இதைச் சொன்னபோது தம்பி பல நாட்களுக்குப் பின் சிரித்தான். பிறகு சொன்னான்: "ஆரணிக்குப் போவதற்கு அண்ணா. பொங்கலுக்கு நாம் காட்பாடியில் இறங்கிப் பேருந்துக்கு நிற்கிறோம். பெரியப்பா வீட்டார் வந்து 'இன்னும் பஸ்ஸில்தானா?' என்று கேட்கிறார்கள். ஒருமுறையாவது அம்மா காரிலிருந்து இறங்க வேண்டும்."

அன்பர்களே, புலம்பெயர்ந்த குடும்பத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறந்த ஊரில் நிலம் விற்றாயிற்று, வீடும் இல்லை. வந்த ஊரில் நாம் வென்றோம் என்பதற்குச் சான்றாக வாயிலில் எதையேனும் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் காரைக் கேட்கும்போது பல வேளைகளில் அந்தச் சான்றையே கேட்கிறார்கள். அதனை ஊதாரித்தனம் என்று நாம் தூற்றியது பெரும் பிழை. ஆனால் ஆரணியில் ஓரிரு நாட்களுக்கு நிறுத்தும் சான்றுக்காக ஏழாண்டுச் சம்பளத்தை அடகு வைப்பதும் பிழையே. நிலமும் சொந்தமும் அருகில் உள்ளவர் இடறினால் தாங்கிக்கொள்ள நாலு கைகள் உண்டு. நமக்கு மாதச் சம்பளம் ஒன்றே கை.

முடிவை அவனே செய்தான். காரை இப்போது எடுப்பதில்லை. ஆசையை விடுவதும் இல்லை. வங்கிக்குக் கட்ட வேண்டிய 16,601 ரூபாயை ஓராண்டு தனக்கே கட்டிப் பார்ப்பது என்று தனிக் கணக்கொன்று தொடங்கினான். கட்ட முடிந்தால் தகுதி உண்டு. அதற்குள் முன்பணமும் சேர்ந்துவிடும். அதில் மாதம் 2,000 ரூபாய் நாமும் சேர்ப்பதாய்ச் சொன்னோம். முதலில் மறுத்தான், "இது அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் பணம்" என்றதும் ஏற்றுக்கொண்டான். முதல் இரண்டு மாதம் கட்டினான். மூன்றாம் மாதம் தங்கையின் தேர்வுக் கட்டணமும் அம்மாவின் கண் வைத்தியமும் சேர்ந்து வரவே, பாதிதான் கட்ட முடிந்தது. "வங்கியாயிருந்தால் தண்ட வட்டி போட்டிருப்பார்கள்" என்று தானே சொன்னான். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கல் வந்தது. இரண்டு நாளுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். நாமே ஓட்டிச் செல்லும் வகையினது. செலவை இருவரும் பகிர்ந்துகொண்டோம். சிவப்பன்று; சாம்பல் நிறம். அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். சித்தூரில் நின்று தங்கையை ஏற்றிக்கொண்டோம். மாமா இயந்திர மூடியைத் திறந்து பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, "போய் வாருங்கள்" என்றார். அதற்குமுன் தம்பியைத் தனியே அழைத்து, இருங்காட்டுக்கோட்டைத் திடலில் அடுத்த பந்தயம் நடக்கும்போது இருவரும் சென்று பார்ப்பதாக ஏற்பாடு செய்துகொண்டார். வேலூரைத் தாண்டி ஆரணி வரையில் தம்பி மிக மெதுவாக ஓட்டினான். "வேகமாய்ப் போக ஆசைப்பட்டாயே?" என்று கேலி செய்தோம். "அம்மா இருக்கிறார்கள் அண்ணா" என்றான்.

பெரியப்பா வீட்டு வாயிலில் அம்மா காரிலிருந்து இறங்கினார். கழுத்தில் சங்கிலி இருந்தது. கார் யாருடையது என்று பெரியப்பா கேட்டார். "வாடகைக் கார்தான். சொந்தக் கார் இன்னும் சில ஆண்டுகளில்" என்று தம்பி தயக்கமின்றி விடையளித்தான். பெரியப்பா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாடகை எவ்வளவு?" என்று விசாரித்தார். அவர் பேரனும் கார் கேட்கிறானாம்.

இதைப் படிக்கும் தமையன்மார்க்கும் தந்தையர்க்கும் ஒன்று கூற விரும்புகிறோம். வீட்டு இளைஞன் விலையுயர்ந்த வண்டி கேட்டால் உடனே முகத்தைத் திருப்ப வேண்டா. ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவனோடு அமருங்கள். சாலைக்கு வரும் முழு விலை, ஏழாண்டு வட்டி, மாதச் செலவு, மூன்றாம் ஆண்டின் கடன் பாக்கி ஆகிய நான்கையும் அவன் கையாலேயே எழுதச் செய்யுங்கள். யாருடைய நகை அடகுக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். கேட்டபின், அந்தக் கார் அவனுக்கு எதற்கு என்று அன்போடு வினவுங்கள். விடை எமக்குக் கிடைத்தது போல் உங்களுக்கும் கிடைக்கக்கூடும்.